முதுகில் போடும் ஊசியும் பக்கத்தில் நிற்கும் ஆளும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



தொடங்குவதற்கு முன்னால் ஒரு கணக்கெடுப்பு. சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டுக்கொண்டு, "அன்னைலருந்துதான் எனக்கு இடுப்பு வலி" என்று நினைக்கிற தாய்மார்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள். நினைத்தேன். முன்வரிசை முழுக்கத் தூக்கியாயிற்று. ஆண்களில் சிலர் சிரிக்கிறீர்கள். வீட்டில் தினமும் கேட்கிற பேச்சு போலிருக்கிறது.

எங்கள் தொழிலின் மேல் தமிழ்நாடு வைத்திருக்கும் மிகப் பெரிய குற்றச்சாட்டு இது. இதற்குப் பதில் சொல்லாமல் நான் வேறு எதைப் பேசினாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. ஊசி போட்ட இடம் இரண்டு மூன்று நாள் தொட்டால் வலிக்கும். அது உண்மை. ஆனால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடிக்கிற இடுப்பு வலியை ஊசியின் தலையில் கட்ட முடியாது. பிரசவத்துக்கு வந்த பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு முதுகில் போடும் எபிடியூரல் ஊசியும் மறு பிரிவுக்கு வேறு வலி நிவாரணமும் கொடுத்துப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். நீண்டகால முதுகு வலி இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. கர்ப்பகாலத்தில் இடுப்பு மூட்டுகளின் தசைநார்கள் தளர்கின்றன. வயிறு முன்னே தள்ளுவதால் முதுகின் வளைவு மாறுகிறது. பிள்ளை பிறந்த பிறகோ ராத்திரி நாலு முறை எழுந்து, கூனிக் குனிந்து உட்கார்ந்து பால் கொடுக்கிறோம். இடுப்பு வலிக்க இவ்வளவு போதும். ஊசி மட்டும் நினைவில் நிற்கிறது, ஏனென்றால் அது ஒருநாள் நடந்த சம்பவம், மற்றதெல்லாம் தினசரி.

மயக்க மருந்தில் பயப்பட எதுவுமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பயப்பட வேண்டியவை இருக்கின்றன. நாம் தப்பான இடத்தில் பயப்படுகிறோம் என்பதுதான் என் வாதம். இன்றைய பேச்சு முழுக்க அதைப் பற்றியது.

நூற்றெழுபது ஆண்டுகளுக்குமுன் லண்டனுக்குப் போவோம். 1853 ஏப்ரல் 7. விக்டோரியா ராணிக்கு எட்டாவது பிரசவம். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அரண்மனைக்கு அழைக்கப்படுகிறார். அடுத்த ஆண்டு லண்டனின் பிராட் தெருக் குழாய்த் தண்ணீர்தான் காலராவைப் பரப்புகிறது என்று கண்டுபிடித்தாரே, அதே ஸ்னோதான். மடித்த கைக்குட்டையில் சில துளி குளோரோஃபார்ம் விட்டு, வலி வரும்போது மட்டும் ராணியின் முகத்தருகே பிடித்தார். 53 நிமிடம் இப்படியே நடந்தது. ராணி முழுமையாக மயங்கவே இல்லை. லியோபோல்டு இளவரசர் பிறந்தார். 1857இல் கடைசிக் குழந்தைக்கும் ஸ்னோவையே கூப்பிட்டார்கள்.

இதைப் பிரசவ மயக்க மருந்தின் தொடக்கம் என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்ஸன் 1847 ஜனவரியிலேயே பிரசவத்துக்கு ஈதர் கொடுத்துவிட்டார். அந்த நவம்பரில் குளோரோஃபார்முக்கும் மாறிவிட்டார். பிள்ளைப் பேற்றில் பெண் வலி அனுபவிப்பது கடவுள் விதித்தது என்று எதிர்த்தவர்களுக்குத் துண்டுப் பிரசுரம் போட்டுப் பதிலும் சொன்னார். ஆனால் சில வாரங்களிலேயே, 1848 ஜனவரியில், நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால்விரல் நகம் எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்டு இறந்துபோனாள். அதே மருந்துதான். ஸ்னோ அந்த மரணத்தைப் பற்றிப் படித்தவர். எவ்வளவு ஆவிக்கு என்ன ஆகும் என்று அளந்து அளந்து ஆராய்ந்தவர். அரண்மனையில் அந்த 53 நிமிடமும் அவர் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. வலியைப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார், துளியை எண்ணினார். ராணி நலமாக இருந்ததற்குக் காரணம் கைக்குட்டை இல்லை.

இதே பாடத்தை உலகம் இன்னொரு முறை, அதிக விலை கொடுத்துப் படித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் கார்ல் காவுஸ், பெர்ன்ஹார்ட் குரோனிக் என்ற இருவர் மார்பினும் ஸ்கோபோலமினும் சேர்த்துக் கொடுத்து 'அந்தித் துயில்' என்ற முறையைப் பிரபலமாக்கினார்கள். தாய்க்கு வலி தெரியும், ஆனால் பிறகு நினைவிருக்காது. அங்கே இருட்டறை, சத்தமில்லாத சூழல். அடுத்த ஊசிக்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் ஏதாவது ஒரு பொருளைக் காட்டி, முன்பு பார்த்தது நினைவிருக்கிறதா என்று கேட்டு, அதற்கேற்ப அளவைக் கூட்டிக் குறைத்தார்கள். 1914இல் அமெரிக்கப் பெண்கள் "எங்களுக்கும் இது வேண்டும்" என்று இயக்கமே நடத்தினார்கள். கோரிக்கை நியாயமானது, அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. ஆனால் அமெரிக்க மருத்துவமனைகள் மருந்தை எடுத்துக்கொண்டன, காவலை எடுத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கேற்ற அளவு போய், எல்லோருக்கும் ஒரே அளவு வந்தது. நினைவு தப்பி அலறிய பெண்களைக் கட்டிலோடு கட்டினார்கள். குழந்தைகள் மூச்செடுக்கத் திணறிப் பிறந்தன. 1915இல் இயக்கத்தின் முன்னணியில் நின்ற திருமதி கார்மோடி புரூக்ளினில் பிரசவத்தில் இறந்தார். மருந்து காரணமில்லை என்றார்கள் மருத்துவர்கள். இயக்கம் மட்டும் அதோடு படுத்துவிட்டது. அந்த மருந்துகளோ இன்னும் பல பத்தாண்டுகள் பிரசவ அறைகளில் இருந்தன.

சரி, நம் காலத்துக்கு வருவோம். எங்கள் கையில் இப்போது முக்கியமாக இரண்டு ஊசிகள். சிசேரியனுக்குப் போடுவது ஸ்பைனல்: மெல்லிய ஊசி, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள் ஒரே ஒரு முறை மருந்து, இரண்டு மணி நேரம் போல மரத்துப்போகும். பிரசவ வலிக்குப் போடுவது எபிடியூரல்: அந்த நீரைச் சுற்றியுள்ள சவ்வுக்கு வெளியிலேயே நின்றுவிடும் தடிமனான ஊசி. அதன் வழியாக நூல் போன்ற குழாயை உள்ளே விட்டு, ஊசியை எடுத்துவிடுவோம். பிறகு மருந்து குழாயில் போகும். "தண்டுவடத்துல குத்திட்டா கை கால் வராதே டாக்டர்?" என்று கேட்பார்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல் இடுப்பு முள்ளெலும்பை ஒட்டியே முடிந்துவிடுகிறது. நாங்கள் ஊசி போடுவது அதற்கும் கீழே. அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான் உண்டு. நிரந்தர நரம்புச் சேதம் நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். மிக மிக அரிது.

எபிடியூரல் போடுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்ப்பது போலச் சொல்கிறேன். கட்டில் ஓரத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் தலையணை. "தாடையை நெஞ்சுல வச்சுக்கோம்மா, முதுகை என் பக்கம் தள்ளு" என்கிறோம். வலி வருகிறது, கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். வலி விட்டதும் ஊசி. குழாய் உள்ளே போன பிறகு முழு அளவு மருந்தைக் கொடுக்க மாட்டோம். சோதனை அளவாக இரண்டு மூன்று மில்லி மட்டும். கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுப்போம். "கால் கனக்குதாம்மா? காதுல 'ஙொய்'ன்னு சத்தம் கேக்குதா? வாயில இரும்பு ருசி? நெஞ்சு படபடங்குதா?" அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு இது வேடிக்கையாக இருக்கும், டாக்டர் என்னவோ விளையாட்டுக் காட்டுகிறார் என்று. ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஓர் ஆபத்து நிற்கிறது. கால் சட்டென்று கனத்தால் குழாய் சவ்வைத் தாண்டி நீருக்குள் போய்விட்டது. முழு அளவு கொடுத்தால் மரப்பு மேலே ஏறி மூச்சையே நிறுத்தலாம். காதில் சத்தம், வாயில் ருசி என்றால் ரத்தக் குழாய்க்குள் போய்விட்டது. அடுத்தது வலிப்பு, அதற்கடுத்தது இதயம்.

பிறகு இருபது நிமிடம். என்னைக் கேட்டால் மொத்தப் பாதுகாப்பும் இந்த இருபது நிமிடத்தில்தான் இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பி.பி. பார்க்க வேண்டும். மருந்து ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் பி.பி. இறங்கும். அதோடு மல்லாந்து படுத்தால் நிறைமாதக் கர்ப்பப்பை பின்னாலிருக்கும் பெரிய சிரையை அழுத்தும். தோட்டத்து ஹோஸ் குழாயை மிதித்தது போல, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்துபோகும். அதனால்தான் இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கிறோம். மானிட்டர் காட்டுவதற்கு முன்பே சில சமயம் அந்தப் பெண்ணே சொல்லிவிடுவாள்: "டாக்டர், குமட்டுது." பக்கத்தில் இருப்பவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் அடுத்த நொடி பி.பி.யைப் பார்ப்பார், மருந்து கொடுப்பார், ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். தெரியாதவர் வாந்திக்கு ஊசி போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அந்த வார்டில் குழந்தையின் இதயத்துடிப்பு குறையத் தொடங்கியதை யார் கவனிப்பது?

தலைவலியையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இடுப்பு வலியைப் போலில்லாமல் இது நிஜமாகவே ஊசியால் வருவது. 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பீர் என்ற அறுவை மருத்துவர் முதுகு ஊசியைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்து, இந்தத் தலைவலியைத் தானே அனுபவித்து எழுதியும் வைத்தார். எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் விடும். சவ்வில் விழுந்த ஓட்டை வழியே நீர் கசிவதால் வருவது. எபிடியூரல் போட்டவர்களில் சுமார் நூறில் ஒருவருக்கு வரும். பெரும்பாலும் தானே சரியாகும். ஆகாவிட்டால் அவருடைய ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து முதுகில் செலுத்தி அடைக்கிற சிகிச்சை இருக்கிறது. நம் வீடுகளில் இதை "பச்ச உடம்புக்காரி, குளிர்ந்த காத்து பட்டுடுச்சு" என்று சொல்லிப் பத்துப் போட்டுப் படுக்க வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் தலைவலி ஊசியால் வந்ததாக இருக்கலாம்; ரத்தக் கொதிப்பாலும் இருக்கலாம், மூளைச் சிரையில் ரத்தம் உறைந்ததாலும் இருக்கலாம். பின்னிரண்டும் உயிருக்கு ஆபத்து. பிரித்துச் சொல்ல வேண்டியது மருத்துவர்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். புப்பிவகெய்ன் என்பதுதான் நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மரப்பு மருந்து. 1979இல் ஜார்ஜ் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு தலையங்கம் எழுதினார்: இந்த மருந்து தவறுதலாக ரத்தத்தில் கலந்தால் இதயம் நிற்கிறது, நின்றால் மீட்பது கடினமாக இருக்கிறது என்று. தாய்மார்கள் இறந்திருந்தார்கள். 1980களில் 0.75 சதவீதக் கரைசலைப் பிரசவத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றார்கள். இன்று பிரசவ வலிக்கு 0.1 சதவீதம், அதற்கும் குறைவு. கூடவே துளி ஃபென்டனில் என்ற வலி மருந்து. நடக்கிற அளவுக்குக் காலில் பலம் இருக்கும், வலி மட்டும் அடங்கும். மருந்து ரத்தத்தில் கலந்துவிட்டால் முறிக்க, வாயால் சாப்பிட முடியாதவர்களுக்குச் சிரையில் ஏற்றுகிற வெள்ளைக் கொழுப்புக் கரைசலே உதவும் என்பது 1998இல் விலங்குச் சோதனையில் தெரிந்தது, பிறகு மனிதர்களையும் காப்பாற்றியது. எபிடியூரல் போடுகிற இடத்தில் அந்த பாட்டில் இருக்க வேண்டும். பல இடங்களில் இருப்பதில்லை.

இன்னொன்று எனக்கு மருந்தைவிட அதிக நடுக்கத்தைத் தருவது. பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்த டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற ஊசி உண்டு. நல்ல மருந்து, சிரையில் போட வேண்டியது. முதுகில் போடும் புப்பிவகெய்னும் அதுவும் ஒரே மாதிரி சின்னக் கண்ணாடிக் குப்பியில், ஒரே டிரேயில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அவசரத்தில் கை மாறி, அது முதுகில் போய்விட்ட சம்பவங்கள் உலகம் முழுக்க நடந்து, உயிர்கள் போயிருக்கின்றன. 2022இல் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது. தீர்வுக்குக் காசு செலவில்லை: இரண்டையும் ஒரே டிரேயில் வைக்காதே, மருந்தை இழுக்குமுன் பெயரை வாய்விட்டுப் படி, இரண்டாவது ஆள் கேட்கட்டும்.

முழு மயக்கம் பற்றிச் சுருக்கமாக. அவசரத்தில் சில சிசேரியனுக்கு அது தவிர்க்க முடியாதது. கர்ப்பிணிகளுக்குத் தொண்டை வீங்கியிருக்கும், மூச்சுக் குழாயில் டியூப் போடுவது கடினம்; சுமார் 390இல் ஒருவருக்கு முடியாமல் போகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அதைவிடப் பழைய எதிரி வயிற்றில் இருக்கும் உணவு. 1946இல் நியூயார்க்கின் கர்டிஸ் மெண்டல்சன் 44,016 பிரசவங்களைப் புரட்டிப் பார்த்து, 66 பேருக்கு மயக்கத்தில் வயிற்றிலிருந்தது நுரையீரலுக்குள் போனதைக் கண்டார். திட உணவு அடைத்து இருவர் இறந்திருந்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "ஏதாவது சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால் "இல்ல டாக்டர்" என்பாள் மகள். பின்னால் நிற்கும் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வழியில் ரெண்டு இட்லியும் ஒரு டம்ளர் பாலும் உள்ளே போயிருக்கும், தெம்புக்காக. அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. கொடுத்திருந்தால் கொடுத்தோம் என்று சொல்லிவிடுங்கள், யாரும் திட்ட மாட்டோம். நாங்கள் வழிமுறையை மாற்றிக்கொள்வோம். சிக்கலில்லாத பிரசவத்தில் வலி நேரத்தில் தண்ணீர் மாதிரித் தெளிந்த பானங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம் என்றுதான் இப்போது சொல்கிறோம்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு கேள்வி வரும்: அப்படியானால் எபிடியூரல் வேண்டாம்தானே? வேண்டும் என்பவருக்கு வேண்டும். எபிடியூரல் போட்டால் சிசேரியனில் முடியும் என்கிறார்கள். 2018இல் வந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 11,000க்கு மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சிசேரியன் கூடவில்லை என்றது. முக்குகிற கட்டம் கொஞ்சம் நீளும். சிலருக்குக் காய்ச்சல், அரிப்பு, சிறுநீர் போவதில் சிரமம் வரும். பிறந்ததும் குழந்தையின் நிலைக்குப் போடும் ஆப்கார் மதிப்பெண்ணிலும் வித்தியாசமில்லை. உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் "ஆப்கார் 8/10, 9/10" என்று எழுதியிருக்குமே, அதை 1952இல் வகுத்த வர்ஜினியா ஆப்கார் குழந்தை மருத்துவர் இல்லை. எங்கள் இனம், மயக்க டாக்டர். தாய்க்கு மருந்து கொடுத்தவர்தான் பிறந்த குழந்தையையும் திரும்பிப் பார்த்தார் என்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை.

ரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்களுக்கு, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு, முதுகில் புண் இருப்பவர்களுக்கு இந்த ஊசி ஆகாது. மழைக்காலத்தில் டெங்கு வந்து தேறிய கர்ப்பிணி அதை எங்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இதய வால்வுக் கோளாறு, ஆஸ்துமா, முன்பு மயக்கத்தில் நடந்த சிக்கல், சாப்பிடும் நாட்டு மருந்து, எல்லாமே எங்களுக்குத் தேவை. எங்கே சொல்வது? இங்கேதான் நம் ஊரின் பெரிய ஓட்டை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. அதாவது கிட்டத்தட்டப் பாதித் தாய்மார்கள் எங்கள் கைக்கு வருகிறார்கள். அவர்களில் மிகப் பலர் எங்களை முதன்முதலாகப் பார்ப்பது ஆபரேஷன் டேபிளில் உட்கார்ந்து முதுகைத் திருப்பிய பிறகு. முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

ஏழை, நடுத்தர நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2016இல் ஒரு கணக்கு வந்தது: மகப்பேறு அறுவைக்கு உட்படும் ஆயிரம் பெண்களுக்கு 1.2 பேர் மயக்க மருந்து தொடர்பான காரணத்தால் இறக்கிறார்கள். பயிற்சி குறைந்தவர் கொடுக்கும்போது ஆபத்து கூடுகிறது. இங்கிலாந்தில் 1960களில் இப்படித் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள். இப்போது மூன்றாண்டு அறிக்கையில் ஒற்றை இலக்கம்தான். அங்கே 1952 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் எடுத்து, யார்மீதும் வழக்குப் போடாமல், எங்கே தவறு என்று விசாரித்து அச்சிட்டு வெளியிட்டார்கள். புது ஊசிகள் வந்ததைவிட இந்த வெளிப்படையான விசாரணை அதிகம் காப்பாற்றியது என்பது என் கட்சி. நம் நாட்டில் மயக்க மருத்துவர் இல்லாத ஊர்களுக்காக எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறார்கள். பல உயிர்களைக் காத்த ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒருவரே இரவும் பகலும் தனியாக நிற்கிறார் என்றால் அதைத் திட்டம் என்று சொல்லக் கூடாது.

ஊருக்கு ஊர் "வலியில்லாப் பிரசவம்" என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். ஊசியைப் போட்டுவிட்டு மயக்க மருத்துவர் அடுத்த ஊரின் அடுத்த மருத்துவமனைக்கு ஸ்கூட்டரில் போய்விடுகிறார் என்றால், அந்தப் பலகையைக் கழற்றச் சொல்வேன். அப்படிப்பட்ட இடத்தில் எபிடியூரல் இல்லாமல் பெறுவதே பாதுகாப்பு. வலியைத் தாங்க வேறு வழிகளும் உண்டு: பாதி ஆக்ஸிஜனும் பாதி நைட்ரஸ் ஆக்சைடும் கலந்த வாயுவைத் தாயே பிடித்து இழுக்கலாம்; எழுந்து நடக்கலாம். எல்லாவற்றையும்விட மலிவானது கூடவே இருக்கும் ஒரு பெண் துணை. தொடர்ச்சியான துணை இருந்தால் வலி மருந்தின் தேவையும் சிசேரியனும் குறைகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு அனுமதி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, எட்டாம் மாதச் செக்கப்புக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் மயக்க டாக்டர் எங்கே இருப்பார்? எபிடியூரல் போட்ட பிறகு பி.பி. பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் இருக்கப்போவது யார்? பிரசவத்துக்கு முன் ஒருமுறை அவரைப் பார்க்க முடியுமா? "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்மா" என்று பதில் வந்தால், யார் பார்த்துக்கொள்வார் என்று பெயரைக் கேளுங்கள்.